வழி இரண்டு, வரைபடம் ஒன்று

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற பின்னரும் கரும்பலகையின் நினைவு என்னை விட்டு அகலவில்லை. இன்று உங்கள் முன் நான் வைக்க விரும்புவது மன்னர்களின் வரலாறன்று, போர்களின் வரலாறுமன்று. ஒரு கணிப்பொறியிலிருந்து புறப்படும் செய்தி, கடலும் மலையும் கடந்து, தான் சேர வேண்டிய இடத்தைத் தவறாமல் சேர்கிறதே, அந்த வழி காட்டும் கலையின் வரலாறு. அக்கலையில் நேர்ந்த பிழைகளையும், அப்பிழைகளை அறிஞர்கள் தேடிக் கண்ட முறையையும் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் என் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் சமனின்மை பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிது, இரண்டாவது மூன்றாவதைவிடப் பெரிது என்றால், முதலாவது மூன்றாவதைவிடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, கடிகாரத்துக்கும் இது பொருந்துமா? எட்டு மணிக்குப் பின்னால் பன்னிரண்டு வருகிறது. பன்னிரண்டுக்குப் பின்னால் நான்கு வருகிறது. நான்குக்குப் பின்னால் எட்டு வருகிறது. இதிலே எது ஐயா கடைசி?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. பாடம் முடிய வேண்டுமே என்ற அவசரம் எனக்கு. "பாடத்தில் இல்லாததைக் கேட்காதே, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறு கேள்வி கேட்கவே இல்லை.

அவன் கேட்ட அந்தக் கேள்விதான், 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஒரு பெரிய கணிப்பொறி வலைப்பின்னலையே சில மணி நேரம் செயலற்றுப் போகச் செய்தது என்பதை ஓய்வு பெற்ற பிறகே நான் படித்தறிந்தேன். அந்த வரலாற்றை முறையாகத் தொடக்கத்திலிருந்து காண்போம்.

வழி காணும் கணக்கு நெதர்லாந்து நாட்டில் பிறந்தது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்பவர் ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்த கணித மையத்தில் பணியாற்றிய இளைஞர். 1956-ஆம் ஆண்டில் அங்கே ஆர்மாக் என்னும் புதிய கணிப்பொறியின் ஆற்றலைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. கணிதம் அறியாதவருக்கும் விளங்கக்கூடிய ஒரு கணக்கு வேண்டும். ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கன் நகருக்குச் செல்ல மிகக் குறுகிய வழி எது என்னும் கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. ஒரு நாள் காலை, தம் மனைவியாகப் போகும் நங்கையோடு கடைவீதியில் அலைந்து களைத்து, ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது, தாளும் எழுதுகோலும் இன்றி, இருபது நிமிடத்தில் அதற்கு விடை கண்டதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1959-இல் அது மூன்று பக்கக் கட்டுரையின் ஒரு பகுதியாக அச்சாயிற்று.

அக்கணக்கின் உள்ளம் எளியது. புறப்படும் ஊரிலிருந்து தொடங்குக. இதுவரை எட்டிய ஊர்களுள் மிக அருகில் உள்ளதை எடுத்து, அதன் தொலைவை உறுதி செய்க. அங்கிருந்து செல்லும் சாலைகளைப் பார்த்து, அடுத்த ஊர்களின் தொலைவைக் குறிக்க. மீண்டும் மிக அருகில் உள்ளதை எடுக்க. இவ்வாறே செய்துகொண்டு போனால் எல்லா ஊர்களுக்கும் மிகக் குறுகிய வழி தெரிந்துவிடும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கணக்குப் போடுபவன் கையில் முழு வரைபடம் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை மறவாதீர்கள். நம் வரலாறு முழுவதும் இதைச் சுற்றியே நிகழ்கிறது.

அடுத்து 1969-ஆம் ஆண்டுக்கு வருவோம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையின் பொருளுதவியால் ஆர்ப்பாநெட் என்னும் வலைப்பின்னல் அவ்வாண்டில் தோன்றியது. முதலில் நான்கு இடங்கள் மட்டுமே இணைந்தன: லாஸ் ஏஞ்சலிஸ், சாண்டா பார்பரா ஆகிய இரண்டு நகரங்களில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்கள், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையம், யூட்டா பல்கலைக்கழகம். ஒவ்வோரிடத்திலும் ஐ.எம்.பி. என்ற பெயரில் ஒரு சிறிய கணிப்பொறி காவலாள் போல் நின்று செய்திகளை வாங்கி அனுப்பியது. இன்று நாம் ரூட்டர் என்று கூறும் பொறிக்கு அதுவே முன்னோர். அதனை ஆக்கித் தந்தவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த போல்ட், பெரானெக், நியூமன் நிறுவனத்தார்.

நீண்ட செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி அனுப்புவதே அவ்வலையின் முறை. ஒவ்வொரு பொட்டலமும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வது? தொடக்கக் காலத்தில் ஐ.எம்.பி.க்களிடம் முழு வரைபடம் இல்லை. ஒவ்வொரு பொறியும், "இன்ன இடத்துக்கு என்னிடமிருந்து இவ்வளவு தொலைவு" என்ற பட்டியலைத் தன் அண்டைப் பொறிக்கு அடிக்கடி சொல்லும். அண்டைப் பொறி அதனோடு தன் தொலைவைக் கூட்டிக்கொள்ளும். ஊரில் வழி கேட்டுக்கொண்டே நடப்பவனின் முறை இது.

வழி கேட்டு நடப்பதில் ஒரு தீங்கு உண்டு. வழி சொல்பவன் தவறாகச் சொன்னால், கேட்பவனுக்கு அதைச் சரிபார்க்க வகையில்லை. 1970-களின் முற்பகுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஐ.எம்.பி.யின் நினைவகத்தில் பழுது ஏற்பட்டது. அதன் பட்டியலில் எல்லா எண்களும் சுழியாயின. 'எந்த ஊருக்கும் என்னிடமிருந்து தொலைவு சுழி' என்று அது அண்டைப் பொறிகளுக்குச் சொல்லலாயிற்று. அவையும் நம்பின. வலைப்பின்னலின் பொட்டலங்கள் அந்த ஒரு பொறியை நோக்கிப் பாய்ந்து அங்கே அழிந்தன.

மற்றொரு குறையும் அம்முறைக்கு இருந்தது. நல்ல செய்தி விரைந்து பரவும். கெட்ட செய்தி மெல்லவே பரவும். ஓர் இணைப்பு அறுந்து போனால், அதை அறியாத அண்டைப் பொறிகள் இரண்டும் ஒன்றன் பழைய சொல்லை மற்றொன்று நம்பி, "உன் வழியாகப் போகலாம், உன் வழியாகப் போகலாம்" என்று பொட்டலங்களைத் தமக்குள்ளேயே பந்தாடிக் கொண்டிருக்கும்.

ஆகவே 1979-இல் ஆர்ப்பாநெட்டின் வழி காணும் முறையையே மாற்றினார்கள். ஜான் மக்குவில்லன், ஐரா ரிச்சர், எரிக் ரோசன் ஆகிய மூவர் அதனை வகுத்தவர்கள். இணைப்பு நிலை முறை என்று நாம் அதனைத் தமிழில் சொல்லலாம். இதில் எந்தப் பொறியும் பிறருடைய தொலைவைப் பற்றிப் பேசாது. "என்னோடு நேரே இணைந்துள்ளவை இவை, அவற்றின் நிலை இது" என்று தன் நிலையை மட்டுமே கூறும். அக்கூற்று மாறாத வடிவில் வலை முழுவதும் வெள்ளம் போல் பரவும். எல்லாப் பொறிகளும் எல்லாருடைய கூற்றுகளையும் சேர்த்து ஒரே வரைபடத்தை ஆக்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றும் டைக்ஸ்ட்ராவின் கணக்கைத் தானே போட்டுத் தன் வழியைக் கண்டுகொள்ளும். இப்போது பொறிகள் வழி கேட்டு நடக்கவில்லை. வரைபடம் பார்த்து நடந்தன.

முறை நல்லது. ஆனால் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. ஒரே பொறியிடமிருந்து இரண்டு கூற்றுகள் வெவ்வேறு வழியாக வந்தால், எது புதியது, எது பழையது என்று எப்படி அறிவது? இதற்காக ஒவ்வொரு கூற்றிலும் ஒரு வரிசை எண்ணை இட்டார்கள். அதற்கு ஆறு இரும இலக்கங்களை ஒதுக்கினார்கள். ஆகவே எண்கள் 0 முதல் 63 வரை. 63-க்குப் பின் மீண்டும் 0. கடிகாரத்தைப் போல ஒரு வட்டம். வட்டத்தில் எது பிந்தியது என்பதற்கு ஒரு விதி செய்தார்கள். பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் வேறுபாடு 32 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் பெரியதே புதியது. வேறுபாடு 32-க்கு மேற்பட்டால், எண் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது என்று கொண்டு, சிறியதைப் புதியதாகக் கொள்ள வேண்டும்.

1980-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் ஆர்ப்பாநெட் திடீரென்று பயனற்றுப் போயிற்று. பல மணி நேரம் செய்திகள் போகவில்லை. எந்தக் கம்பியும் அறுபடவில்லை. எந்தப் பகைவனும் தாக்கவில்லை. ஐ.எம்.பி.க்களில் ஒன்றைத் தனியே நிறுத்தித் தொடங்கினாலும், தொடங்கிய மறுகணமே அதுவும் நோயுற்றது.

பொறியாளர்கள் ஐ.எம்.பி.க்களின் நினைவகத்தில் இருந்தவற்றை அப்படியே எடுத்துப் படித்துப் பார்த்தார்கள். பார்த்த பொறிகளிலெல்லாம் ஒரே காட்சி. 50-ஆம் எண் கொண்ட ஐ.எம்.பி.யிடமிருந்து வந்த கூற்றுகள் குவிந்து கிடந்தன. அவற்றின் வரிசை எண்கள் மூன்றே: 8, 40, 44.

மாணவர்களே, தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். 44-க்கும் 40-க்கும் வேறுபாடு 4. ஆகவே 44 புதியது. 40-க்கும் 8-க்கும் வேறுபாடு 32. ஆகவே 40 புதியது. 44-க்கும் 8-க்கும் வேறுபாடு 36. அது 32-க்கு மேற்பட்டது. ஆகவே 8 புதியது! 8-ஐ வைத்திருக்கும் பொறி 40-ஐப் புதியதென்று ஏற்றுப் பரப்பியது. 40-ஐ வைத்திருந்தது 44-ஐ ஏற்றுப் பரப்பியது. 44-ஐ வைத்திருந்தது மீண்டும் 8-ஐப் புதியதென்று ஏற்றது. இதற்கு முடிவே இல்லை. இக்கூற்றுகளைக் கையாளும் பணிக்கு எல்லாவற்றினும் முதலிடம் தரப்பட்டிருந்தமையால், பொறிகளுக்கு வேறு எந்த வேலையையும் கவனிக்க நேரமில்லாமற் போயிற்று.

எட்டுக்குப் பின் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குப் பின் நான்கு, நான்குக்குப் பின் எட்டு! என் வகுப்பின் கடைசி வரிசை மாணவன் கேட்டது இதைத்தானே?

இந்த மூன்று எண்கள் எங்கிருந்து வந்தன? அவற்றை இரும எண்ணாக எழுதினால் புலப்படும். 44 என்பது 101100. 40 என்பது 101000. 8 என்பது 001000. முதலாவதில் ஓர் ஒன்று சுழியானால் இரண்டாவது; இரண்டாவதில் ஓர் ஒன்று சுழியானால் மூன்றாவது. 50-ஆம் பொறி கூறியது ஒரே கூற்றுத்தான். நினைவகப் பழுதினால் இலக்கங்கள் உதிர்ந்து அது மூன்றாயிற்று. கம்பி வழியே செல்லும்போது பிழை நேர்ந்தால் கண்டுபிடிக்கக் காவல் இருந்தது. நினைவகத்தில் கிடக்கும்போது காக்க அத்தகைய காவல் இல்லை.

நோயை அறிந்த பின் மருந்து எளிதாயிற்று. 50-ஆம் பொறியிடமிருந்து வரும் கூற்றுகளைப் புறக்கணிக்குமாறு ஏனைய பொறிகளின் ஆணைத்தொடரில் திருத்தம் செய்தார்கள். வலைப்பின்னல் மீண்டும் உயிர் பெற்றது. நடந்தவற்றையெல்லாம் ஒளிவுமறைவின்றி எரிக் ரோசன் எழுதி 1981-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்டார். அம்முறையை ஆக்கிய மூவரில் ஒருவர் அவர். தாம் ஆக்கியதன் குறையைத் தாமே உலகறியச் சொன்ன அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். அவ்வறிக்கை இல்லையெனில் பின்வந்தவர்கள் அதே குழியில் விழுந்திருப்பர்.

அதனைப் படித்துப் பயன் கொண்டவர்களுள் தலையாயவர் ராடியா பெர்ல்மன் என்னும் பெண் அறிஞர். ஒரு பொறி பழுதுற்றாலும், பழுது நீங்கியபின் வலைப்பின்னல் தானாகவே நலமடைய வேண்டும் என்பதை அவர் 1983-இல் ஒரு கட்டுரையில் வற்புறுத்தினார். பின்னர் ஜான் மோய் என்பவரின் கையால் உருவாகி, 1989-இல் ஓ.எஸ்.பி.எஃப். என்ற பெயரில் ஒரு வழிநெறி வெளிவந்தது. 1991-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் வரிசை எண்ணுக்கு ஆறு இலக்கமன்று, 32 இலக்கங்கள். எண்கள் வட்டமாகச் சுற்றாமல் நேர்கோடாகச் செல்லும். ஒவ்வொரு கூற்றுக்கும் வயது உண்டு; அரை மணிக்கு ஒரு முறை அது புதுப்பிக்கப்பட வேண்டும்; ஒரு மணி நேரம் புதுப்பிக்கப்படாதது நீக்கப்படும். கூற்று நினைவகத்தில் கிடக்கும்போதும் அதன் சரிபார்ப்பு எண் அவ்வப்போது சோதிக்கப்படும். இம்மூன்று ஏற்பாடுகளும் அக்டோபர் 27-இன் தழும்புகளே என்று சொல்லலாம்.

இனி இரண்டு சமமான வழிகளைப் பற்றிய கதைக்கு வருவோம். 1979-இன் முறையில் ஓர் இணைப்பின் விலை என்பது அதில் நேரும் காலத் தாழ்வு. நெரிசல் மிகுந்தால் விலை ஏறும். இது நியாயமாகத் தோன்றுகிறதன்றோ? வலைப்பின்னலின் இரு பகுதிகளை இரண்டு ஒத்த இணைப்புகள் மட்டும் சேர்க்கின்றன என்று கொள்ளுங்கள். முதல் இணைப்பில் நெரிசல். எல்லாப் பொறிகளுக்கும் வரைபடம் ஒன்றே, கணக்கும் ஒன்றே. ஆகவே எல்லாம் ஒரே நேரத்தில் இரண்டாவதற்குத் தாவும். உடனே இரண்டாவதில் நெரிசல், முதலாவது வெறுமை. மீண்டும் எல்லாம் முதலாவதற்குத் தாவும். இரயில் நிலையத்தில் பயணச்சீட்டுச் சாளரங்கள் இரண்டு இருக்க, இந்த வரிசையில் நிற்பவர் எல்லாரும் ஒரே சமயத்தில் அந்த வரிசைக்கு ஓடினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. இரண்டு வழி இருந்தும் ஒரு வழியின் பயன்கூட நிறைவாகக் கிட்டவில்லை.

1987-ஆம் ஆண்டில் விலை கணக்கிடும் முறையைத் திருத்தினார்கள். அதுல் கன்னா, ஜான் சிங்கி என்ற இருவர் அதனை 1989-இல் விளக்கி எழுதினார்கள். நெரிசல் எவ்வளவு மிகுந்தாலும், ஓர் இணைப்பின் விலை வெறுமையாக இருக்கும்போதுள்ள விலையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்குக்கு மேல் போகாது. ஒரே தாவலில் பெரிதாக மாறவும் மாறாது. இதனால் பொட்டலங்கள் கூட்டமாக ஓடாமல், சிறிது சிறிதாக இடம் மாறின.

ஓ.எஸ்.பி.எஃப். வழிநெறியோ வேறு தீர்வு கண்டது. இணைப்பின் விலையை நெரிசலைக் கொண்டு கணிப்பதில்லை. வலையை ஆள்பவர் அதை நிலையாகக் குறித்துவிடுவார். டைக்ஸ்ட்ராவின் கணக்கில் ஓர் ஊருக்கு இரண்டு வழிகள் ஒரே விலையில் அமைந்தால், ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ளாமல், இரண்டையும் வைத்துக்கொண்டு போக்குவரத்தைப் பங்கிடும். இதுவே சமவிலைப் பல்வழி முறை. ஒரு வழி அறுந்தாலும் மறு வழி உடனே தாங்கும்.

பங்கிடுவது எப்படி? முதற்பொட்டலம் இந்த வழி, அடுத்தது அந்த வழி என்று மாற்றி மாற்றி அனுப்பலாமே என்று தோன்றும். அனுப்பினால், ஒரே உரையாடலின் பொட்டலங்கள் முன்பின்னாகப் போய்ச் சேரும். பெறும் பக்கம், நடுவில் ஏதோ தொலைந்துவிட்டது என்று எண்ணும். அனுப்பும் பக்கம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே வேறொரு வகை மேற்கொள்ளப்பட்டது. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, நெறிமுறை, இரு பக்கத்து வாயில் எண்கள் ஆகியவற்றைக் கொண்டு ஹாஷ் என்னும் ஒரு கணக்கைப் போட்டு, அதன் விடைக்கு ஏற்ப வழியைத் தேர்வது. ஒரே உரையாடலுக்கு விடை எப்போதும் ஒன்றே. ஆகவே வழியும் ஒன்றே. இவ்வகைகளின் நன்மை தீமைகளை டேவ் தேலர், கிறிஸ்டியன் ஹாப்ஸ் ஆகியோர் 2000-ஆம் ஆண்டு நவம்பரில் ஆய்ந்து எழுதினார்கள்.

இந்த முறையில் பழுது நேர்ந்தால் அதைக் காண்பது எளிதன்று. ஏனெனில் இங்கே வலை முழுவதும் சாவதில்லை, பாதி சாகிறது. இரண்டு வழிகளுள் ஒன்று, தன் இணைப்பு நன்றாக இருப்பதாகக் கூறிக்கொண்டே பொட்டலங்களை விழுங்கிவிடுமாயின், சிலருக்கு எல்லாம் நன்றாக நடக்கும். வேறு சிலருக்கு எதுவும் நடக்காது. முறையிடுபவன் பொய் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்து, "ஒன்றும் பழுதில்லையே" என்பவனும் பொய் சொல்லவில்லை. அவனுடைய சோதனைப் பொட்டலம் நல்ல வழியில் போயிருக்கிறது, அவ்வளவே.

இத்தகைய பழுதைத் தேடுவோர் ஒரு முறையான வரிசையைப் பின்பற்றுவர். மருத்துவன் நாடி பார்ப்பது போன்றது அது.

முதலாவது, அண்டைப் பொறிகள் தம்முள் உடன்பட்டிருக்கின்றனவா என்று காண்பர். ஓ.எஸ்.பி.எஃப். பொறிகள் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொண்டே இருக்கும். வழக்கமாகப் பத்து விநாடிக்கு ஒரு முறை. நாற்பது விநாடி வணக்கம் வராவிட்டால் அண்டை இறந்ததாகக் கொள்ளும். இரு பக்கத்திலும் இக்கால அளவுகள் வேறுபட்டால் உறவே ஏற்படாது. பொட்டலத்தின் பேரளவு ஒரு பக்கம் 1500, மறு பக்கம் 9000 என்று இருந்தால் உறவு பாதியில் நின்றுவிடும்.

இரண்டாவது, எல்லாப் பொறிகளிடமும் ஒரே வரைபடம் இருக்கிறதா என்று ஒப்பிடுவர்.

மூன்றாவது, இரண்டு வழிகளின் விலையும் உண்மையிலேயே சமமா என்று கூட்டிப் பார்ப்பர். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஒரு வழி மட்டுமே மிஞ்சும். இதற்கு மாறான பிழையும் உண்டு. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு விலை 1 என்று வகுத்த பழைய அளவுகோல் ஒன்று பரவலாக வழங்கியது. விலை ஒன்றுக்குக் கீழ் இறங்காது. ஆகவே அதைவிடப் பத்து மடங்கு விரைவான இணைப்புக்கும் விலை 1 என்றே ஆயிற்று. ஒற்றையடிப் பாதையும் நெடுஞ்சாலையும் சமவழிகளாகக் காட்சியளித்தன!

நான்காவது, கணக்கில் வந்த இரண்டு வழிகளும், பொட்டலங்களை அனுப்பப் பயன்படும் பட்டியலில் ஏறியிருக்கின்றனவா என்று பார்ப்பர். ஐந்தாவது, ஹாஷ் கணக்கு உண்மையில் பங்கிடுகிறதா என்று காண்பர். அடுத்தடுத்து வரும் பொறிகள் எல்லாம் ஒரே கணக்கை ஒரே விதமாகப் போட்டால், முதற்பொறி இடப்புறம் அனுப்பியவற்றையெல்லாம் அடுத்த பொறியும் இடப்புறமே அனுப்பும். வலப்புற வழி வெறுமையாகவே கிடக்கும். ஒவ்வொரு பொறியின் கணக்கிலும் வெவ்வேறு எண் ஒன்றைக் கலந்து இதனைத் தவிர்ப்பர்.

தேடும் கருவியே பொய் சொல்வதும் உண்டு. 1980-களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் என்பவர் டிரேஸ்ரூட் என்னும் கருவியை ஆக்கினார். முதற்பொறி வரை செல்லும் ஆயுள் உடைய பொட்டலம் ஒன்று, இரண்டாம் பொறி வரை செல்லும் ஆயுள் உடையது ஒன்று என அனுப்பி, ஒவ்வொன்றும் எங்கே மடிந்தது என்ற செய்தியைக் கொண்டு வழியை அறிவது அதன் முறை. ஒரு வழியே இருந்தபோது அது மெய் சொல்லிற்று. பல்வழி வந்தபின்? அக்கருவி ஒவ்வொரு பொட்டலத்திலும் வாயில் எண்ணை மாற்றியது. எண் மாறினால் ஹாஷின் விடையும் மாறலாம், வழியும் மாறலாம். முதற்பொட்டலம் இந்த வழியிலும் அடுத்தது அந்த வழியிலும் சென்று, உலகில் இல்லாத இணைப்புகளை இருப்பனவாகக் காட்டிற்று. 2006-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஆய்வாளர்கள் இப்பிழையைக் கண்டு, ஹாஷுக்குப் பயன்படும் பகுதிகளை மாற்றாமல் அனுப்பும் புதிய கருவியைச் செய்தனர். பாரிஸ் டிரேஸ்ரூட் என்பது அதன் பெயர்.

செல்வங்களே, இவ்வரலாற்றில் நான் கண்ட ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஹார்வர்டின் சுழி, 50-ஆம் பொறியின் மூன்று எண்கள், பாதி வழியில் விழுங்கப்பட்ட பொட்டலங்கள், இல்லாத இணைப்பைக் காட்டிய கருவி ஆகிய எல்லாவற்றிலும் பொறிகள் தமக்கு இட்ட விதியை மீறவில்லை. விதியை ஒழுங்காகக் கைக்கொண்டமையாலேயே தவறின. விதியை வகுத்தவர் நினைத்துப் பாராத ஓரிடம் இருந்தது; பழுது அங்கே போய்ப் புகுந்துகொண்டது. அந்த இடத்தை முன்கூட்டிக் காண்பதற்கு, "இது எங்கும் பொருந்துமா?" என்று கேட்கும் ஒருவர் வேண்டும்.

அப்படிக் கேட்ட ஒருவனைத்தான் நான் உட்கார வைத்தேன். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. இந்தப் பேச்சை அவன் கேட்கும் வாய்ப்பு இருக்குமானால், அவனுக்கு நான் தர வேண்டிய விடையை இப்போது தந்துவிடுகிறேன். தம்பி, பொருந்தாது. வட்டத்தில் கடைசி என்பது கிடையாது. நேர்கோட்டில்தான் உண்டு. நீ கேட்டது சரியான கேள்வி.

ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் வகுப்பில் ஒரு கை உயரும்போது, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்.